அண்ணா, நீ தோற்ற ஆட்டத்தைப் பற்றி

என் சண்டைக்கார அண்ணன் ஏழுமலைக்கு, வாயாடி என்று நீ பேர் வைத்த செல்வி எழுதுகிறேன்.

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டு என்ன ஆகப் போகிறது? நீ எப்படி இருக்கிறாய் என்று ஊரே வருஷத்துக்கு ஒரு தடவை பேனர் கட்டிச் சொல்கிறதே.

போன வாரம் உன் நினைவு நாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் ரோடு முழுக்க உன் முகம்தான். பேனரில் நீ நல்ல சிவப்பாக இருக்கிறாய். மீசையை யாரோ கம்ப்யூட்டரில் தடியாக்கி இருக்கிறார்கள். உனக்குப் பின்னால் மலை, மலைக்குப் பக்கத்தில் ஒரு புலி, புலிக்கு மேலே மின்னல். ஈசான்ய லிங்கத்துப் பக்கம் ஒரு கருப்பு நாய் இருந்ததே, அது லேசாக உறுமினாலே என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற ஆள் நீ. உனக்குப் போய்ப் புலியாம்.

புலிக்குக் கீழே பெரிய எழுத்தில் 'தோல்வியே அறியாத மாவீரன்' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரி நம் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. பேகோபுரத்துப் பக்கம் இருந்த என் தையல் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு இப்போது கழுத்து டிசைன் ஜாஸ்தி, பொறுமை கம்மி. உன் மச்சானுக்கு முழுசாக நரைத்துவிட்டது. எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க அது இல்லாமல் முடியாது. நீ மட்டும் இன்னும் இருபத்தேழு வயசுப் பையனாகவே சுவரில் நிற்கிறாய். தங்கச்சிக்கு அண்ணனைவிட வயசு கூடிப் போன வீட்டை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? இனிமேல் உன்னை டேய் என்று கூப்பிட்டால் நீ கோபப்படக் கூடாது.

பெரிய சேதி நிவேதாதான். நீ போனபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். உன் கையில் சுற்றுகிற பேண்டேஜ் துணியை இழுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தத்தித் தத்திப் போவாள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது காலேஜ் படிக்கிறாள். உன் உயரம், உன் மூக்கு, உன் கோபம். உன்னை மாதிரியே பாக்ஸிங்கும் ஆடுகிறாள். வேண்டாம் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன். "மாமாவுக்கு மட்டும் டவுசர் தெச்சுக் குடுத்த இல்ல? எனக்கும் தெச்சுக் குடு," என்று துணியை வாங்கிக்கொண்டு வந்து மெஷின் மேல் வைத்துவிட்டாள். தைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

உன் பழைய கிளப்பில்தான் பழகுகிறாள். நடத்துவது யார் தெரியுமா? உன் ரமேஷ்தான். உன் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிடுவானே, அவனேதான். இப்போது செக்ரட்டரி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன். உன் மேல் அவனுக்கு இருக்கிற பாசம் மட்டும் ஒரு துளி குறையவில்லை. அதுதான் பிரச்சினையும்.

ரமேஷ் கிளப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். புதிதாகச் சேர்கிற எல்லாரும் கிரிவலப் பாதையை ஒரு முழுச் சுற்று நிற்காமல் ஓடி வர வேண்டும். பதினாலு கிலோமீட்டர். வழியில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஓடி முடித்து உன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டால்தான் கிளவுஸ். அதற்கு 'ஏழுமலை ரவுண்டு' என்று பேர். நீ தினமும் அப்படித்தான் ஓடினாயாம். நிவேதா ஓடிவிட்டு வந்த அன்று குதிகால் இரண்டிலும் கொப்புளம். மஞ்சள் வைத்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ எதுவரைக்கும் ஓடினாய் என்று எனக்குத் தெரியும் இல்லையா?

இந்த வருஷம் நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் உன் பேரில் நடந்த போட்டியில் முதல் தடவையாகப் பெண்களுக்கும் ஆட்டம் வைத்தார்கள். நிவேதாவுக்கு எதிரே கடலூர்ப் பெண் ஒருத்தி. மெலிந்த உடம்பு, ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நம் பிள்ளை முதல் ரவுண்டில் நன்றாகத்தான் ஆடினாள். அப்புறம் அந்தப் பெண் இடது பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தாள். நிவேதாவுக்குப் பதில் தெரியவில்லை. பாயின்ட்டில் தோற்றாள். சரியான தீர்ப்பு. பெற்றவள் நானே சொல்கிறேன்.

தோற்றதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ரிங்கைவிட்டு இறங்கி வரும்போது கூட்டத்தில் ஒரு ஆள், "ஏழுமலை மருமகளா இது? தோல்வியே தெரியாத மனுஷன் பேரு இப்படி ஆயிடுச்சே," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவள் காதில் விழுந்துவிட்டது. தலைக்கு மேலே உன் பேனர் வேறு. நிமிர்ந்து அதை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து கிளவுஸைத் துணிப்பையில் சுருட்டிப் பரணில் எறிந்தாள். "இன்னாடி பண்ற?" என்றேன். "நான் வுட்டுட்டேம்மா. மாமா சம்பாரிச்ச பேர நான் கெடுக்க மாட்டேன்," என்றாள். அழக்கூட இல்லை. அதற்கப்புறம் சாப்பாடும் சரியாக இல்லை, பேச்சும் இல்லை. காலேஜுக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனிமேல் மூக்கு உடையாது, பல் போகாது. ஆனால் அவள் ஆசை தீர்ந்து விடவில்லையே அண்ணா. உன்னைப் பார்த்துப் பயந்து விட்டாள். செத்துப்போன மாமனைப் பார்த்து ஒரு பெண் பயந்து ஒதுங்குகிறாள் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். உன் இரங்கல் கூட்டத்தில் ரமேஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கடைசியில், "என் ஏழுமலை தோக்கல, அந்தக் கடைசி மேட்ச்ல அவன தோக்கடிச்சாங்க," என்று கத்தினான். கூட்டமே விம்மியது. அந்த நேரத்தில் யார் எழுந்து, இல்லையப்பா, அவன் நிஜமாகவே தோற்றான் என்று சொல்வார்கள்? துக்கத்தில் வந்த வார்த்தை. மறு வருஷம் அது நோட்டீஸில் வந்தது. அதற்கு மறு வருஷம் பேனரில் ஏறியது. இப்போது ரீல்ஸ் வேறு போடுகிறார்கள், பின்னால் மேளத்தோடு.

நீ போனது போளூர் ரோட்டில், மழையில், எதிரே வந்த லாரியில் மோதி. ஊர் சொல்கிற கதையில் அதுகூட வேறு மாதிரி ஆகிவிட்டது. உன்னை ஏமாற்றி ஜெயித்தவனை அவன் ஊரிலேயே போய் மறுபடியும் ஆட்டத்துக்குக் கூப்பிடத்தான் பைக்கை எடுத்தாயாம். சீறிக்கொண்டு போனாயாம்.

அந்த ஜெயித்தவர் அரக்கோணம் தாமோதரன். அவர் வருஷம் தவறாமல் உன் நினைவு நாளுக்கு வருகிறார், உனக்குத் தெரியுமா? கடைசி வரிசையில் உட்கார்வார். எல்லாரும் மாலை போட்டு முடித்த பிறகு ஒரு முழம் பூவை உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரிடம் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீ தட்டு அவர் வரிசைக்கு வரும்போது மட்டும் எப்படியோ காலியாகிவிடும். தொப்பை விழுந்து, முட்டி தேய்ந்து, சாதாரண ஆளாக இருக்கிறார். ஆட்டத்தில் ஜெயித்தவர் அவர்தான். நீ சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் வெற்றியும் உன் பக்கமே வந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்து தோற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தடவை மறு நாள் பௌர்ணமி. அவரும் கிரிவலம் சுற்றிவிட்டு, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போக நின்றார். கடைக்குப் பின்கட்டுதானே நம் வீடு. உள்ளே வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க என்றேன். பேச்சுக் குரல் கேட்டு நிவேதா எழுந்து வந்தாள். வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பட்டென்று கேட்டுவிட்டாள்.

"எங்க மாமாவ ஏமாத்தி ஜெயிச்சது நீங்கதானே?"

மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணா, எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கையில் இருந்த டம்ளரை நங்கென்று வைத்தேன்.

"யாருடி சொன்னது உனக்கு? நீ பாத்தியா? உங்க மாமன் என்கிட்ட சொன்னான், நான் சொல்றேன் கேளு. உக்காரு."

சொன்னேன். அந்த ஃபைனல் முடிந்த மறு நாள் காலையில் சென்னை பஸ்ஸைவிட்டு இறங்கி நீ வீட்டுக்கு வந்தாய். இடது கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. நான் ஒப்பாரி வைக்கத் தயாராக நின்றேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தாய். "செல்வி, நேத்து ஒருத்தன் என்னை சுத்தமா அடிச்சான்டி. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. வந்துட்டு போயிடுது," என்றாய். புது சைக்கிள் வாங்கி வந்தவன் மாதிரி உனக்கு அவ்வளவு சந்தோஷம். சமையல் கட்டிலேயே நின்று அந்தக் குத்தைச் செய்து காட்டினாய். இடது தோளை லேசாக இறக்கி, கீழே இருந்து விலாவுக்கு. முழங்கை பட்டு ரசச் சட்டி கவிழ்ந்தது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு உன்னைத் துரத்தினேன்.

"அப்போ மாமா தோத்தாரா?" என்றாள் நிவேதா.

"தோத்தான். அதுக்கு முன்னாடியும் தோத்திருக்கான். வேலூர்ல ஒரு வாட்டி மொத ரவுண்டுலயே உக்காந்துட்டான். ரெண்டு வருஷம் ஸ்டேட் சாம்பியன், அது நெஜம். தோத்ததும் நெஜம்."

அப்புறம் அவளுக்கு உன் கடைசி நாளைச் சொன்னேன். நீ சண்டைக்குப் போகவில்லை. அரக்கோணத்துக்குப் போய் அந்தக் குத்தைக் கற்றுக்கொண்டு வரப் போனாய். நீயே போன் போட்டு, "ஜெயிச்சது நீ, சொல்லிக் குடுக்க மாட்டியா?" என்று கேட்டு, வா என்று அவர் சொல்லி, முதல் நாள் முழுக்க வீட்டில் குதித்துக்கொண்டிருந்தாய். காலையில் என்னைப் புளிச்சோறு கட்டச் சொன்னாய். "ரெண்டு பேருக்குக் கட்டு. அவனுக்கும் சேத்து," என்றாய். டிபன் கேரியரை பைக் கம்பியில் நான்தான் மாட்டிவிட்டேன். மழை வரும்போல இருக்கு, மெதுவா போ என்றேன். நீ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாய்.

தாமோதரன் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் பேசினார்.

"சோறு கொண்டுட்டு வரேன்னு சொன்னானேன்னு ரெண்டு தட்ட கழுவி வெச்சிட்டு உக்காந்திருந்தேம்மா. மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பான்னு நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே நெனச்சினு இருந்தேன்." அவளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் உன் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "என்னை ஒரு ஆட்டத்துல தோக்கடிக்க வந்தவன் நெறைய பேரு. ஜெயிச்சவன்கிட்ட கத்துக்க வந்தவன் உங்க மாமன் ஒருத்தன்தான்."

"ஊர்ல இப்படிப் பேசறாங்களே, நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"செத்தவன் தோத்தான்னு நான் வந்து சொன்னா நல்லாவா இருக்கும்?"

காப்பி ஆறிப்போயிருந்தது. நான் மறுபடியும் சூடு பண்ணப் போனேன். திரும்பி வந்தபோது நிவேதா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"மாமா தெனம் முழு ரவுண்டு ஓடினதாவது நெஜமா?" என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை அண்ணா. இத்தனை வருஷம் வயிற்றில் வைத்திருந்த சிரிப்பு. "எங்கடி ஓடினான்? பாதி வழி, அடி அண்ணாமலை வரைக்கும் ஓடுவான். அங்க டீக்கடையில உக்காந்து ரெண்டு மெதுவட, ஒரு டீ. அப்பறம் ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துடுவான். தெரு முனையில எறங்கிக்கினு, வீட்டுக்கு ஓடி வர்ற மாதிரி வருவான். மூச்சு வாங்கற மாதிரி வேற நடிப்பான்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தாமோதரன் தொப்பை குலுங்கச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "கொப்புளம் வந்துச்சே எனக்கு," என்றாள் நிவேதா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நீ போனதற்கு அன்றைக்குத்தான் அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் அவளுக்கு மாமன் இல்லை, பேனர்தானே இருந்தது.

நீ உயிரோடு இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாய் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே தைத்தேன். நாற்பதைத் தாண்டியிருப்பாய். உனக்கும் ஒரு தொப்பை. இன்னும் நாலைந்து ஆட்டம் தோற்றிருப்பாய். ஒருத்தரும் பேனர் கட்டியிருக்க மாட்டார்கள், வேங்கிக்கால் ரோட்டில் நீ நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிவேதா தோற்று இறங்கிய அன்று தண்ணீர் பாட்டிலோடு நின்று, "பரவால்ல வுடு, அந்தப் பொண்ணு நல்லா அடிச்சிது இல்ல?" என்று கேட்டிருப்பாய். எனக்கு அந்த அண்ணன் போதும். புலி இல்லாத அண்ணன்.

மறு நாள் கிளப்புக்கே போய் ரமேஷைப் பிடித்தேன். பேனரைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் அதே வரியைக் கிளப் சுவரில் பெயின்ட்டில் எழுதப் போகிறானாம். அழியாமல் இருக்குமாம்.

"செல்வி, தோத்தவன்னு செவுத்துல எழுத முடியுமா? பசங்களுக்கு ஒரு உத்வேகம் வேணா?" என்றான்.

"உன் உத்வேகத்துல என் பொண்ணு கிளவுஸ பரண்ல போட்டா. அது தெரியுமா உனக்கு? அவன் தோத்துட்டு, ஜெயிச்சவன்கிட்டயே கத்துக்கப் போனான்னு எழுது. அத வுட உனக்கு இன்னா உத்வேகம் வேணும்?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் செல்வி," என்றான் கடைசியில். "அவன் தோத்தான்னு ஒத்துக்கினா, செத்துட்டான்னும் ஒத்துக்கணும் போல இருந்துச்சு." பாவம் அண்ணா, உன் ரமேஷ். அவனை மேலே திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாயாடிக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

சுவரில் இப்போது உன் பேரும் 'மாநில சாம்பியன்' என்பதும் மட்டும் இருக்கிறது. அடுத்த வரிக்கு இடம் விட்டிருக்கிறான். என்ன எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறானாம். ஏழுமலை ரவுண்டு இனிமேல் அடி அண்ணாமலை வரைக்கும்தான். டீக்கடை பெரியவரின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். நேற்று காலையில் நிவேதாவும் நானும் போனோம். அவள் ஓடினாள், நான் ஆட்டோவில் போய் வடை சொல்லி வைத்தேன். திரும்பும்போது இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். தெரு முனையில் அவள் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தாள், மூச்சு வாங்குகிற மாதிரி. உன் நடிப்பு அவளுக்கு அப்படியே வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் கிளவுஸை எடுக்கப் பரணில் ஏறினாள். அதன் பக்கத்தில் கையில் தட்டுப்பட்டதை எடுத்துக் கீழே கொடுத்தாள். "இது இன்னாம்மா, ஒரு பக்கம் நசுங்கிக் கெடக்குது?" என்றாள். அந்தக் கேரியர்தான். போலீஸ்காரர்கள் கொண்டு வந்து கொடுத்த அன்று மேலே போட்டது. தூக்கி எறியவும் மனசு வரவில்லை, தொடவும் மனசு வரவில்லை. புளி போட்டு ரொம்ப நேரம் தேய்த்தேன். நசுங்கல் போகாது, ஆனால் மூடி சரியாக உட்கார்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிவேதாவைக் கூட்டிக்கொண்டு அரக்கோணம் போகிறேன். அங்கே நாலு பெண்கள் ஆடுகிறார்களாம், இவள் அவர்களோடு ஆடிப் பார்க்கட்டும் என்று தாமோதரன் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில்தான் போகிறோம், பயப்படாதே. போளூர் ரோட்டில் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன். புளிச்சோறு கட்டிவிடுகிறேன், இந்தத் தடவை மூன்று பேருக்கு. நீ கொடுக்கச் சொன்ன சோறு அண்ணா, உன் பேரைச் சொல்லி அவர் தட்டில் என் கையால் போட்டுவிட்டு வருகிறேன்.

நீ அன்றைக்குக் கை ஆட்டிய வாசலிலேயே இன்னும் நிற்கிற
உன் தங்கச்சி,
செல்வி